எல்லாம் புதுசாக மாற்றிய பிறகு யோயோ ஏன் சீக்கிரம் நிற்கிறது?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடமாக உங்களிடம் இருக்கும் அலுமினிய யோயோ. நேராக இறக்கிவிட்டால் கயிற்றின் அடியில் இரண்டு நிமிடத்துக்கு மேல் சுழன்றுகொண்டிருந்தது. சத்தம் கூடிவிட்டது என்பதற்காக ஒரே நாளில் பேரிங், கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு பக்க சிலிக்கோன் பேடு, நடு அச்சு, கயிறு என நான்கையும் மாற்றினீர்கள். பேரிங் மட்டும் மோட்டார் உதிரிபாகக் கடையில் அதே நம்பர் சொல்லி வாங்கியது. இப்போது 35 விநாடிதான் சுழல்கிறது. முன்பு பைண்ட் போட்டால்தான், அதாவது கயிற்றை மடித்து இடைவெளிக்குள் திணித்தால்தான், மேலே வரும், இப்போது சும்மா சுண்டினாலே வந்துவிடுகிறது என்றும் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் கேட்டது, செராமிக் பேரிங் வாங்கிப் போட்டால் சரியாகுமா என்று. ஆனால் அதற்கு அடியில் இருக்கும் கேள்வி வேறு. தேய்ந்த பாகங்களோடு நன்றாக ஓடியது, புதுப் பாகங்களோடு ஏன் ஓடவில்லை? அதைக் கண்டுபிடிக்காமல் செராமிக் வாங்கினால் ஐந்தாவதாக இன்னொன்றை மாற்றியிருப்பீர்கள், அவ்வளவுதான்.

நான் கோவையில் பம்பு மோட்டார் அசெம்பிளியில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். பேரிங் ஏற்றுவதும் கழற்றுவதும், செத்துப்போன பேரிங்கைப் பிரித்து எதனால் செத்தது என்று பார்ப்பதும் தினசரி வேலை. யோயோ அதற்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம், பன்னிரண்டு வருடம் இருக்கும். போட்டிக்குப் போகும் அளவுக்கு ஆட வராது. தெரிந்த பையன்கள் ஓடாத யோயோவைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், பிரித்துப் பார்ப்பேன். உங்களுடையதைக் கையில் வாங்கிப் பார்க்காமல் எழுதுவதால், எது நிச்சயம், எது என் ஊகம் என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

நிச்சயமானது முதலில். யோயோவுக்குள் மோட்டாரும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. கை கொடுத்த சுழற்சிதான் மொத்த வரவு. அதற்குப் பிறகு எல்லாம் செலவு. செலவு நான்கு வழியில் போகும்: பேரிங் உள்ளே இழுப்பது, கயிறு இரண்டு பக்கச் சுவரிலும் பேடிலும் உரசுவது, அதிர்வு, காற்று. உடலின் வடிவமும் எடையும் மாறவில்லை, ஆகவே காற்று பழையபடிதான். மீதி மூன்றும் நீங்கள் கைவைத்த பாகங்களோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை. குறை யோயோவின் உடலில் இல்லை, மாற்றிய நான்கில் ஒன்றிலோ, அல்லது மாற்றிய விதத்திலோ இருக்கிறது. இதுவரை சந்தேகமே வேண்டாம்.

அந்தப் பழைய பேரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? போடவில்லை என்றால் வேலை பாதி முடிந்தது. புதுப் பேடு, புது அச்சு, புதுக் கயிறு அப்படியே இருக்கட்டும். பேரிங் மட்டும் பழையது. ட்ரிக் எதுவும் செய்யாமல் நேராக ஐந்து முறை இறக்கி, ஒவ்வொன்றையும் போனில் நேரம் பிடியுங்கள். ஐந்தில் நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மிக நன்றாக விழுந்ததை எடுக்காதீர்கள், நம் கண்ணுக்கு அதுதான் பிடிக்கும். இரண்டு நிமிடம் திரும்பி வந்துவிட்டால் குற்றவாளி புதுப் பேரிங். வரவில்லை என்றால் பேரிங்கை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். நான்கை ஒரே நாளில் மாற்றியதுதான் உங்களைக் குழப்பியது. எங்கள் ஷெட்டிலும் இதே கதை அடிக்கடி நடக்கும். சத்தம் வரும் மோட்டாருக்கு இரண்டு பேரிங், சீல், ஃபேன் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, சத்தம் போகாமல் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள்.

யோயோ நிற்கும் விதத்தையும் கவனித்துச் சொல்லுங்கள், ஏனென்றால் 35 விநாடி என்ற ஒரே எண்ணுக்குள் மூன்று வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கலாம். கயிற்றின் அடியிலேயே மெதுவாகி மெதுவாகி அடங்குவது ஒரு வகை. வேகம் இருக்கும்போதே தானாகக் கயிற்றைக் கவ்விக்கொண்டு மேலே ஏறப் பார்ப்பது இன்னொரு வகை. கிடுகிடுவென்று ஆடி, ஒரு பக்கம் சாய்ந்து, கயிற்றில் உரசி நிற்பது மூன்றாவது. இதில்தான் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த ஒரு வரி எனக்குப் பெரிய துப்பு. சுண்டினாலே மேலே வருகிறது என்றால் மூன்றாவது வகை கிட்டத்தட்ட விலகிவிடுகிறது.

ஏன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். கயிற்றின் வளையம் பேரிங்கின் வெளி வளையத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. யோயோ சுழலும்போது உள் வளையம் உடலோடு சேர்ந்து சுற்றும், வெளி வளையம் கயிற்றோடு சும்மா நிற்கும். யோயோவின் எடை கயிற்றை விறைப்பாக வைத்திருக்கும்வரை கயிறு வேறெதையும் தொடாது. நீங்கள் சுண்டும்போது ஒரு கணம் கயிறு தொய்கிறது. தொய்ந்த கயிறு இடைவெளிக்குள் நெளிந்து, சுற்றிக்கொண்டிருக்கும் பேடில் பட்டால், பேடு அதைக் கவ்விச் சுருட்டிவிடும். 1985 ஏப்ரலில் டிஸ்கவரி விண்கலத்தில் விளையாட்டுப் பொருட்களை ஏற்றிக்கொண்டுபோய் எடையற்ற நிலையில் ஆடிப் பார்த்தார்கள், அதில் யோயோவும் இருந்தது. கயிற்றை விறைப்பாக வைக்க அங்கே எடை இல்லை, அதனால் யோயோ கயிற்றின் முனையில் தங்கிச் சுழல மறுத்துத் திரும்பி வந்துவிட்டது. உங்கள் வகை யோயோவில் இடைவெளி அகலம், பேரிங் லேசாகச் சுற்றும், ஆகவே கயிறு சற்றுத் தொய்ந்தாலும் பேடு பிடிக்காது. கயிற்றை மடித்துத் திணித்துப் பைண்ட் போட்டால்தான் பிடிக்கும். இப்போது சும்மா பிடிக்கிறது என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. இடைவெளி குறுகிவிட்டது, அல்லது பேரிங் லேசாகச் சுற்ற முடியாமல் வெளி வளையத்தையும் தன்னோடு சேர்த்து இழுக்கிறது. அச்சு கோணினால் அதிரும், ஆனால் அதனால் மட்டும் இப்படிச் சுண்டி வரவைக்காது.

இனி பேரிங்குக்கு வருகிறேன். எனக்குச் சந்தேகம் அதிகம் இருப்பது இதன்மேல்தான். யோயோக்காரர்கள் சி அளவு என்று சொல்வது, கடைக்காரர் கணக்கில் ஆர்188. உள் விட்டம் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ.; வெளி விட்டம் அரை அங்குலம், 12.7 மி.மீ. இந்த இரண்டும் சரியாக இருந்தால் பேரிங் கச்சிதமாக உட்கார்ந்துவிடும், நாமும் சரியான பேரிங் என்று நம்பிவிடுவோம். ஆனால் அகலம் இரண்டு உண்டு. இரண்டு பக்கமும் தகடு மூடிய இசட்இசட் வகை 4.76 மி.மீ. அகலம். மூடாத திறந்த வகை 3.175 மி.மீ.தான். யோயோவுக்கு வேண்டியது முதலாவது. இரண்டாவதைப் போட்டால் கயிறு போகும் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் குறுகிவிடும். மேலே சொன்ன நோய் அத்தனையும் அதிலேயே வந்துவிடும். அளக்கக் காலிப்பர் இல்லையா, பரவாயில்லை. பழையதையும் புதியதையும் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டினாற்போல் படுக்கவைத்து, மேலே நகத்தை ஓட்டிப் பாருங்கள். ஒன்றரை மில்லிமீட்டர் படி நகத்துக்குத் தப்பாது.

அகலம் சரியாக இருந்தால் அடுத்தது கிரீஸ். மோட்டார் கடைப் பேரிங் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே எனக்குத் தோன்றியது இதுதான். மூடிய பேரிங்குக்குள் இருக்கும் காலி இடத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை கிரீஸ் அடைத்துத்தான் தொழிற்சாலையிலிருந்து அனுப்புவார்கள். அது பழுது இல்லை, பேரிங்குக்கு அது உயிர். கிலோக்கணக்கில் பாரத்தைத் தாங்கி வருடக்கணக்கில் ஓட வேண்டிய பொருள், பின்னாலிருந்து தள்ள மோட்டார் இருக்கிறது, கிரீஸின் இழுவை அங்கே ஒரு கணக்கே இல்லை. உங்கள் யோயோ 65 கிராம் இருக்கும். அந்த எடைக்குக் குண்டுகள் உருள்வதில் வரும் உராய்வு ஒன்றுமே இல்லை என்றே சொல்லலாம். சுழற்சியைத் தின்பது கிட்டத்தட்ட முழுக்க அந்தக் கிரீஸைக் கடைவதுதான். வெண்ணெயில் மத்தைப் போட்டுவிட்டுக் கையை எடுத்த மாதிரி. மோட்டாருக்கு நல்லதாக இருக்கும் கிரீஸ் யோயோவுக்கு மோசம். சுண்டினால் திரும்பி வர வேண்டும் என்று விரும்புகிறவர்கள் வேண்டுமென்றே கெட்டியான எண்ணெய் விடுவதும் உண்டு. உங்களுக்குக் கேட்காமலே அது கிடைத்திருக்கிறது.

நம்பர் முடிவில் இசட்இசட் என்பதற்குப் பதில் 2ஆர்எஸ் என்று இருந்தால் இன்னொரு சங்கடம். இசட்இசட் என்றால் உலோகத் தகடு, அது உள் வளையத்தைத் தொடாது. 2ஆர்எஸ் ரப்பர் சீல், தண்ணீர் புகாமல் இருக்க உள் வளையத்தை உரசிக்கொண்டே இருக்கும். பம்புக்கு நல்லது, யோயோவுக்கு பிரேக். அந்தச் சீலை ஊசி முனையால் நெம்பினால் வந்துவிடும்.

கழுவும் முறையைச் சொல்கிறேன். பேரிங்கை உடலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஓரத்தில் உற்றுப் பார்த்தால் மெல்லிய கம்பி வளையம் தெரியும், எங்கள் பாஷையில் சர்க்ளிப். அதில் ஒரு இடத்தில் மட்டும் வெட்டு இருக்கும். அந்த முனையைக் குண்டூசியால் உள்பக்கமாகத் தூக்கினால் வளையம் துள்ளும். ஒரு வெளிப்படையான பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் அன்று மாலை முழுக்கத் தரையில் தவழ வேண்டிவரும். சில பேரிங்கில் சர்க்ளிப் இருக்காது, தகடு அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். நெம்பி எடுத்தால் கோணிவிடும், திரும்பப் போட முடியாது. ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் போதும், திறந்த பக்கத்தில் கொஞ்சம் தூசு சேரும், அடிக்கடி கழுவிக்கொள்ளலாம். சின்னக் கண்ணாடிக் குப்பியில் சுத்தமான அசிட்டோனோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ ஊற்றி, பேரிங்கைப் போட்டு மூடி, ஐந்து நிமிடம் குலுக்குங்கள். திரவம் கலங்கும். கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுங்கள். கலங்காமல் தெளிவாக இருக்கும்வரை இரண்டு மூன்று தடவை ஆகும், முதல் தடவையோடு நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், பலவற்றில் எண்ணெயும் வாசனையும் சேர்த்திருப்பார்கள், அது உள்ளேயே தங்கும். அடுப்பு எரியும் சமையலறையில் செய்யாதீர்கள், அசிட்டோனின் ஆவி வெகு சீக்கிரம் பற்றும். பிளாஸ்டிக் யோயோ வைத்திருப்பவர்கள் உடலில் ஒரு சொட்டுக்கூடப் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காயவைப்பதற்கு கம்ப்ரசர் காற்றை அடித்து விர்ரென்று சுற்றவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள். ஷெட்டில் புதிதாக வரும் பையன்களை நான் முதல் வாரத்திலேயே திட்டுவது இதற்காகத்தான். எண்ணெய் இல்லாத குண்டும் தடமும் அந்த வேகத்தில் ஒன்றையொன்று கீறிக்கொள்ளும், கையைவிட்டுப் பறந்தால் ஆபத்தும்கூட. துணியில் வைத்துத் தட்டி, ஃபேனுக்கு அடியில் அரை மணி நேரம் விட்டால் போதும்.

பிறகு எண்ணெய். தையல் மிஷின் எண்ணெய் ஒரு ஊசி முனை. சொட்டு என்றுகூடச் சொல்லமாட்டேன், ஊசியை எண்ணெயில் தோய்த்து எடுத்து ஒரு குண்டின் மேல் தொட்டால் எவ்வளவு ஒட்டுமோ அவ்வளவு. விட்டவுடன் சில முறை சற்று மந்தமாக இருக்கும், பத்துப் பதினைந்து இறக்கலில் பரவிச் சரியாகிவிடும். எண்ணெயே இல்லாமலும் நன்றாகச் சுற்றும், சொல்லப்போனால் நேரம் கொஞ்சம் கூடவே வரும், ஆனால் கரகரவென்று கத்தும், சீக்கிரம் தேயும். நம் ஊர் மழைக்காலத்தில் துருவும் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். மார்கழிக் காலையில் அது பாட்டிலில் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், பேரிங்குக்குள்ளும் அதேதான், தவிர நாள்பட்டால் பிசினாகும். டபிள்யூடி-40 அடிக்கலாமா என்று எப்போதும் யாராவது கேட்பார்கள். அது முதலில் ஈரத்தை விரட்டச் செய்த திரவம், பெயரில் உள்ள இரண்டு எழுத்தும் அதைத்தான் குறிக்கின்றன. நீடித்து நிற்கும் மசகு எண்ணெயாக அதை நம்ப முடியாது.

கழுவிய பேரிங்கை எல்லோரும் பென்சிலில் செருகி விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன், ஆனால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதில் எச்சரிக்கை வேண்டும். அங்கே சுற்றுவது ஒரு கிராமுக்குச் சற்று மேல் இருக்கும் வெறும் வளையம், அதற்குப் பின்னால் எடையே இல்லை. ஊசி முனை எண்ணெய்கூட அதை இரண்டு மூன்று விநாடியில் நிறுத்திவிடும், அதே பேரிங் யோயோவுக்குள் இரண்டு நிமிடம் ஓடும். சுண்டியவுடன் ஒரு சுற்றுகூட முடிக்காமல் பிசுக்கென்று நின்றால் உள்ளே கிரீஸ் இருக்கிறது என்று அர்த்தம். நிறைய நேரம் சுற்றினால் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவில் வரும் எதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். சுண்டும்போது விரலில் மணல் நெருடுவதுபோல் இருந்தால் மட்டும் மறுபடி கழுவுங்கள்.

பழைய பேரிங்கைப் போட்டும் நேரம் திரும்பாவிட்டால் பேடைப் பார்க்க வேண்டும். அதற்கு நான் செய்யும் சோதனை கொஞ்சம் முரட்டுத்தனமானது: இரண்டு பேடையும் பிய்த்து எடுத்துவிட்டு இறக்குங்கள். யோயோ தானாக மேலே வரவே வராது, ஒவ்வொரு முறையும் கையால் சுற்றிக்கொள்ள வேண்டும், எரிச்சல்தான். ஆனால் கிடைக்கும் எண் பேரிங்கின் சுத்தமான கணக்கு. பேடு இல்லாமல் இரண்டு நிமிடம், பேடோடு 35 விநாடி என்றால் இனி விசாரணையே தேவையில்லை. பிய்த்த பேடு திரும்ப ஒட்டாது என்று தயங்கினால் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஒற்றைப் பேடோடு நாள்கணக்கில் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், யோயோவுக்கு ஒன்றும் ஆகாது.

புதுப் பேடு ஏன் உரசும்? வெளி விட்டம் 19 மி.மீ. என்று ஒரே பெயரில் வரும் பேடுகள்கூட தடிமனில் ஒன்றுபோல் இருப்பதில்லை. பள்ளத்தின் ஆழத்தைவிடப் பேடு தடிமனாக இருந்தாலோ, அடியில் பழைய பசை சுரண்டப்படாமல் கட்டியாக இருந்தாலோ, பேடு சுவரைவிட எழும்பி நிற்கும். கயிறு இல்லாமல் இரண்டு பாதியையும் பூட்டி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இடைவெளி வழியாகப் பாருங்கள். பேடின் மேற்பரப்பு சுவருக்குச் சமமாகவோ ஒரு மயிரிழை உள்ளேயோ இருக்க வேண்டும். வெளியே துருத்தினால், எடுத்துவிட்டுப் பள்ளத்தை மரக்குச்சியால் சுரண்டி, துடைத்து, மறுபடி வைத்து ஸ்பூனின் முதுகால் சுற்றிலும் அழுத்துங்கள். மிகக் கொஞ்சமாகத்தான் துருத்துகிறது என்றால் ஒரு வாரம் ஆடினாலே தேய்ந்து படிந்துவிடும், உப்புத்தாள் போடாதீர்கள்.

பசையைப் பற்றி என் சொந்தக் கதை ஒன்று. ஒட்டாத பேடுக்கு அவசரத்தில் ஒருமுறை உடனடிப் பசை விட்டேன். துளி கூடிவிட்டது, வழிந்து பேரிங் உட்காரும் மேட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகக் காய்ந்தது. பேரிங் அதன் மேல் ஒரு பக்கம் தூக்கி உட்கார, யோயோ கையில் மொபைல் வைப்ரேட் ஆவதுபோல் அதிர்ந்தது. பேரிங்கைச் சந்தேகித்தேன், அச்சைச் சந்தேகித்தேன், இரண்டு நாள் கழித்துத்தான் மேட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்க்கத் தோன்றியது. பதினெட்டு வருட அனுபவம் இருந்து என்ன செய்ய.

கயிற்றில் பார்க்க வேண்டியது அதிகமில்லை. பேரிங்கைச் சுற்றி ஒரே ஒரு வளையமாகத்தான் இருக்க வேண்டும். வளையத்தை முறுக்கி இரண்டாம் சுற்றும் போட்டிருந்தால் அதுவே சுண்டினால் வரவைக்கும், நேரத்தையும் வெட்டும். பழையதைவிடத் தடித்த கயிறா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். புதுக் கயிற்றில் முறுக்கு ஏறியிருந்தால் வளையம் பேரிங்கை நெருக்கிப் பிடிக்கும், தொய்ந்த இடத்தில் சுருண்டு பேடில் விழும். விரலிலிருந்து கழற்றி, யோயோவைக் கையில் பிடித்துக் கயிற்றைத் தொங்கவிட்டால் தானே முறுக்கவிழ்ந்து நிற்கும். புதுக் கயிறு மாட்டியதும் இதைச் செய்துவிடுவது நல்லது.

அச்சு உங்கள் விஷயத்தில் காரணமாக இருக்காது என்று சொன்னேன், ஆனாலும் மாற்றியிருப்பதால் ஒருமுறை சரிபார்க்க வேண்டும், நேரம் குறைந்ததற்காக இல்லாவிட்டாலும் உடல் கெடாமல் இருப்பதற்காக. பெரும்பாலான உலோக யோயோக்களில் எம்4, அதாவது 4 மி.மீ. விட்டமுள்ள மரை. சில பழைய அமெரிக்க வகைகளில் 8-32 என்ற அங்குல மரை, விட்டம் 4.17 மி.மீ., மரை இடைவெளியும் வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றதைத் திணித்தால் இரண்டு சுற்றுப் போய் இறுகும், அதற்கு மேல் ஸ்பானரைக் காட்டினால் அலுமினிய மரை வழித்துக்கொண்டு போய்விடும். நீளமும் முக்கியம். அச்சு நீளமாக இருந்தால் துளையின் அடியில் முட்டி நின்றுவிடும், இரண்டு பாதியும் பேரிங்கின் உள் வளையத்தை அழுத்திப் பிடிக்காது. பூட்டிய பிறகு பேரிங்கை நகத்தால் பிடித்துக்கொண்டு உடலை அசைத்துப் பாருங்கள், சடசடவென்று ஆட்டம் கொடுத்தால் அதுதான். ஆட்டம் இல்லை என்றால் ஒரு தீக்குச்சி முனையால் வெளி வளையத்தைச் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும், எங்காவது தொட்டால் பேரிங் நேராக உட்காரவில்லை. ஸ்பேசர் வைத்த பிளாஸ்டிக் யோயோக்களில் அது தொலைந்துபோனாலோ திருப்பிப் போட்டாலோ இதே மாதிரி வெளி வளையம் சுவரில் உரசும், உங்களுடையதில் அந்தப் பிரச்சினை வராது.

அதிர்வைப் பார்க்க, யோயோ வேகமாகச் சுழலும்போது ஓரத்தில் நகத்தை லேசாகத் தொடுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் சரி, டர்ரென்று துடித்தால் அதிர்கிறது. பம்பரத்துக்கு ஆணி கோணலாக இறங்கினால் தரையில் குதித்துக் குதித்து ஓடுமே, அதே கணக்கு. கழற்றி, பேரிங்கைக் கால் சுற்று திருப்பி வைத்துப் பூட்டினாலே பல நேரம் குறைந்துவிடும். ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி ஆடாத ஒரு யோயோ அதிர்வினால் மட்டும் இரண்டு நிமிடத்திலிருந்து 35 விநாடிக்கு விழுந்து நான் பார்த்ததில்லை. பத்து இருபது விநாடி குறையும்.

இப்போது நீங்கள் கேட்ட செராமிக். அதில் குண்டுகள் மட்டும் சிலிக்கான் நைட்ரைடு, வளையங்கள் பெரும்பாலும் எஃகுதான். குண்டு துருப்பிடிக்காது, எண்ணெய் இல்லாமல் ஓட்டுவதைத் தாங்கும், அது உண்மையான நன்மை. சுழலும் நேரம் கூடுமா என்றால், நன்றாகக் கழுவிய சாதாரண எஃகுப் பேரிங்குக்கும் அதற்கும் என் கையில் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை. ஆனால் நான் ஒரே இயந்திர வேகத்தில் சுழற்றி அளந்தவன் இல்லை, கையால் இறக்கிப் பார்த்தவன், அதனால் இதை என் அபிப்பிராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் ஏபிஇசி 7, 9 என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்தும் மயங்காதீர்கள். அது வளையங்களின் அளவும் ஓட்டமும் எவ்வளவு துல்லியம் என்பதற்கான தரம். உள்ளே என்ன கிரீஸ் இருக்கிறது, யோயோவில் எவ்வளவு நேரம் சுற்றும் என்பதைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது. ஏபிஇசி 9 போட்ட பேரிங்கைக் கிரீஸோடு மாட்டினால் உங்கள் 35 விநாடி அப்படியே இருக்கும்.

பேரிங்காரன் என்பதால் ஒரு சின்னப் பெருமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யோயோவுக்குள் குண்டுப் பேரிங் வந்ததில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு. ஸ்வீடன் நாட்டு எஸ்கேஎஃப், நான் தினமும் டப்பா பிரிக்கும் அதே பெயர், 1984-ல் கொஞ்ச காலம் பேரிங் வைத்த யோயோக்களைச் செய்தது. ஆட்டக்காரர்களுக்கென்று அதைச் சரியாக வடிவமைத்துக் கொண்டுவந்தவர் டாம் குன் என்ற சான்ஃபிரான்சிஸ்கோ பல் மருத்துவர், 1990-ல். அதற்கு முன் பெரும்பாலும் கயிறு மரத்தாலோ உலோகத்தாலோ ஆன அச்சின் மேல் நேரடியாக உரசிக்கொண்டுதான் சுற்றியது. அந்தக் காலத்து ஆள் உங்கள் 35 விநாடியைப் பார்த்தால் கைதட்டியிருப்பார்.

என் ஊகத்தை எண்ணாகக் கேட்டால், பத்துக்கு ஏழு கிரீஸ், இரண்டு பேடு, மீதி ஒன்றில் குறுகிய பேரிங்கும் கயிறும் அடக்கம். இது உங்கள் கடிதத்தைப் படித்துச் சொல்லும் கணக்கு, பழைய பேரிங்கை மாட்டி ஐந்து முறை இறக்கினால் பத்து நிமிடத்தில் தவிடுபொடியாகலாம். அதை இன்று ராத்திரியே செய்யுங்கள். பழைய பேரிங்கோடு வந்த நேரம், பேடு இல்லாமல் வந்த நேரம், புதுப் பேரிங்கின் ஓரத்தில் பொறித்திருக்கும் முழு நம்பர், இந்த மூன்றையும் எழுதுங்கள். பேரிங் கழற்றும்போது எழும்பாமல் அடம்பிடித்தால் கொறடு போட்டு நெம்ப வேண்டாம், மேட்டில் கீறல் விழும். பொருத்தமான டிரில் பிட்டின் மழுங்கிய பின்பக்கத்தைப் பேரிங் துளைக்குள் செருகி, கட்டைவிரலால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஆட்டி ஆட்டி இழுத்தால் வந்துவிடும்.